பொறியும் தோலும்: வாசகர் கேள்வி பதில்

கனடாவில் உரோம விலங்குகளுக்குப் பொறி வைக்க உரிமம் எடுத்திருப்பவர்களின் கேள்விகள் இவை. மாகாண உரிமம், திறந்திருக்கும் பருவம், நிலத்துக்காரரின் சம்மதம் ஆகிய மூன்றும் கையில் உள்ளவருக்கே இந்தப் பதில்கள். பொறியை எத்தனை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். உயிரோடு பிடிக்கும் பொறியை, சட்டம் எப்படி இருந்தாலும், தினமும் விடிந்ததும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நரிக்கு வைத்த கால்பிடிப் பொறியை மூன்று இரவாகத் தோண்டி வெளியே எடுத்துப் போட்டிருக்கிறது. பொறி விழவே இல்லை, அதாவது காலைக் கவ்வும் தாடைகள் மூடவே இல்லை. ரப்பர் கையுறை போட்டுத்தான் வைத்தேன். என் வாடை எங்கிருந்து வந்தது?

பதில்: வாடையைத் தேடுமுன் ஒன்று செய்யுங்கள். அடுத்த பொறியைப் பள்ளத்தில் வைத்து, மேல் மண் போடுமுன், இரண்டு ஸ்பிரிங்குகளையும் தாடையின் இரு ஓரங்களையும் வெளிப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஓர் ஓரம் அமுங்கி எதிர் ஓரம் எழும்பினால் உங்கள் நரிக்கு மூக்கே தேவையில்லை. பொறியை விழவைக்கும் மிதிதட்டை மிதிக்கும் முன் அது தாடையின் ஓரத்தில் கால் வைக்கிறது. காலடியில் நிலம் ஆடுகிறது. நிலம் ஆடினால் தோண்டிப் பார்ப்பது நரியின் சுபாவம். தோண்டி எடுக்கப்படும் பொறிகளில் பெரும்பங்கு இப்படி ஆடுகிற பொறிகள்தான்.

பொறியின் உருவத்துக்கே பள்ளம் வெட்டுங்கள். தாராளமாக வெட்டினால் பக்கங்களில் பொலபொலப்பான மண்தான் நிரம்பும், பொறி ஆடிக்கொண்டே இருக்கும். பொறி உட்கார்ந்த பிறகு மிதிதட்டு சுற்றியுள்ள நிலமட்டத்துக்குக் கால் அங்குலம் கீழே இருக்கும் ஆழம் போதும். அடிமண்ணைக் கெட்டித்து, பொறியை வைத்து, லேசாக இருபுறமும் திருகி அமர்த்துங்கள். பிறகு தாடைக்கு வெளியே மண் தள்ளி, விரல்முட்டியால் சுற்றிலும் குத்திக் குத்தி இறுக்குங்கள். தாடைக்கு உள்ளே மட்டும் இறுக்கக் கூடாது. மிதிதட்டுக்கு அடியில் மண் புகுந்தால் தட்டு இறங்காது. நரி மிதித்துவிட்டுப் போயே போய்விடும். அதற்காகக் கொசுவலைக் கம்பித் துண்டு ஒன்றைத் தட்டின் மேல் மூடியாகப் போடலாம், அல்லது தட்டின் அடியில் சிறு பஞ்சுத் துண்டு வைக்கலாம். மேலே சலித்த மண் கால் அங்குலம். அதற்கு மேல் போட்டால் தாடை மூடும்போது கால் மேலே தூக்கப்பட்டு, விரல்நுனி மட்டும் மாட்டும்.

இரண்டாவது காரணம் வாடைதான், ஆனால் நீங்கள் நினைக்கிற வாடை இல்லை. இரையைத் தொட்ட கையுறையாலேயே பொறியையும் தொட்டிருப்பீர்கள். பொறியிலிருந்து இரைவாடை வந்தால் நரி பொறியைத்தான் தோண்டும், நீங்கள் வெட்டிய குழியை அல்ல. பொறிக்கு ஒரு ஜோடி, இரைக்கு ஒரு ஜோடி, பையும் தனித்தனி. மனித வாடை சில மணி நேரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். பழைய ரத்தமும் இரை எண்ணெயும் இரும்பிலிருந்து அப்படிப் போகாது.

கேள்வி: இரை வைத்த குழிக்கு முன்னால் பொறியைப் புதைக்கும் மண்குழி அமைப்பில் குழிக்கும் பொறிக்கும் எவ்வளவு தூரம் விட வேண்டும்? ஆளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள்.

பதில்: விலங்கின் அளவைப் பொறுத்து மாறுவதால்தான் ஆளுக்கு ஓர் அளவு. வேறொரு விலங்கு இரையைப் புதைத்த வளைபோலத் தெரிய வேண்டும் என்பதே கணக்கு. 3 அங்குல வாய், 45 பாகை சாய்வு, 8 அங்குல ஆழம். குழியின் வாய்விளிம்பிலிருந்து மிதிதட்டின் நடுவரை நரிக்கு 7 முதல் 8 அங்குலம், கயோட்டி என்ற காட்டுநாய்க்கு 9 முதல் 10. குழிக்கு நேர்க்கோட்டில் வைக்காமல் ஒன்றரை இரண்டு அங்குலம் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். மோப்பம் பிடிக்கும்போது மூக்கு நடுவில் இருக்கும், முன்கால்கள் அதற்கு இருபுறமும் இருக்கும். நேர்க்கோட்டில் வைத்த பொறி இரண்டு கால்களுக்கும் இடையில் சும்மா கிடக்கும்.

குழிக்குப் பின்னால் ஒரு கட்டையோ புல்கட்டியோ கல்லோ இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்புறமாக வந்து இரையை எடுத்துவிடும். காற்று எந்தத் திசையிலிருந்து அதிகம் வீசுகிறதோ, அதற்கேற்ப வாடை விலங்கின் தடத்தை நோக்கிப் போகும்படி அமைப்பைத் திருப்புங்கள்.

மிதிதட்டின் இறுக்கத்தையும் சரிபாருங்கள். நரிக்கு 2 பவுண்டு, கயோட்டிக்கு 3 முதல் 4. தட்டின் கீழுள்ள திருகை இறுக்கினால் ஏறும். தட்டு தளர்வாக இருந்தால் முயலும் அணிலும் விழுத்தாட்டிவிடும். காலையில் போய் முயலை விடுவித்துக்கொண்டிருப்பீர்கள்.

இத்தனையும் செய்து எதுவும் வராவிட்டால் இடம் தப்பு. வாசனைத் திரவ வியாபாரிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் காலடித் தடமும் எச்சமும் உள்ள இடத்தில் வெறும் குழி பிடிக்கும். தடமில்லாத இடத்தில் எந்தப் புட்டியும் உதவாது. வயல் மூலை, இரண்டு பாதை கூடும் இடம், வேலியில் உள்ள இடைவெளி, சாலைக்கு அடியில் போகும் குழாய் ஆகிய இடங்களில் தேடுங்கள்.

கேள்வி: புதுப் பொறியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைக்கலாமா?

பதில்: கூடாது. தொழிற்சாலை எண்ணெய் ஒட்டியிருக்கும். சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்து, அலசி, வெளியே தொங்கவிடுங்கள். மெல்லிய செந்துரு படியட்டும். சாயம் பிடிக்க அது தேவை. வழவழப்பான இரும்பில் சாயம் நிற்காது. துரு செதிலாகும்வரை விட்டுவிடவும் வேண்டாம்.

பிறகு லாக்வுட் சாயத்தூளோ வால்நட் காயின் பச்சைத் தோலோ போட்ட நீரில் முக்கால் மணி நேரம் இளங்கொதியில் வைத்து, அடுப்பை அணைத்து அதிலேயே ஆறவிட்டால் கருநிறம் ஏறும். சாயம் அழகுக்கு இல்லை, மேலும் துருப் பிடிக்காமல் இருக்க.

கடைசியாக மெழுகு. இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. உருகிய மெழுகில் பொறியை முக்கி உடனே எடுத்தால் இரும்பு குளிர்ந்திருப்பதால் வெள்ளையாகக் கட்டி ஒட்டும். பனியில் செதில் செதிலாக உதிரும். பொறியும் மெழுகின் சூட்டுக்கு வரும்வரை உள்ளே கிடக்க வேண்டும். எடுத்ததும் சொட்டி வடிந்து, தொட்டால் மட்டும் தெரிகிற மென்படலம் நிற்கும். பொறி எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் பட்டால் மெழுகு சீறி மேலே தெறிக்கும். வீட்டுக்குள் செய்யாதீர்கள், நெருப்பைவிட்டு அகலாதீர்கள், பாத்திரத்துக்கு மூடி பக்கத்தில் இருக்கட்டும். மெழுகு தீப்பிடித்தால் மூடுவது ஒன்றே வழி. தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

விலங்கின் உடலை நெருக்கிக் கொல்லும் உடல்பிடிப் பொறிக்கு, அதாவது 110, 220, 330 வகைகளுக்கு, மெழுகு பூசவே கூடாது. கொக்கி வழுக்கி, நீங்கள் கையில் பிடித்திருக்கும்போதே விழும்.

கேள்வி: 110, 220, 330 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன? எதற்கு எது?

பதில்: தயாரிப்பாளர் வைத்த மாதிரி எண்கள். அங்குலம் எதையும் குறிக்கவில்லை. சதுரச் சட்டம் இரண்டு கத்தரிபோல மூடி விலங்கின் கழுத்தையும் மார்பையும் நெருக்கும் இந்த வகையை வடிவமைத்தவர் கனடியப் பொறிவைப்பாளர் பிராங்க் கானிபேர். 1950களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தது. அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள்.

110இன் வாய் நாலரை அங்குலச் சதுரம், ஒரே ஸ்பிரிங், மஸ்க்ராட்டுக்கும் (நீரெலி) மிங்க்குக்கும் (கீரிபோன்ற நீரோர விலங்கு). 120 அதே அளவு, ஸ்பிரிங் இரண்டு, மார்ட்டனுக்கு (மரமேறும் கீரிபோன்ற விலங்கு) இதுதான். 160க்கு 6 அங்குலம், 220க்கு 7. ரக்கூன், ஃபிஷர் (மார்ட்டனின் பெரிய உறவு) வகைகளுக்கு. 330க்கு 10 அங்குலம். பீவர் (அணை கட்டும் நீர்விலங்கு), ஆற்று நீர்நாய் ஆகியவற்றுக்கு.

எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துடன் கனடா 1997இல் செய்த மனிதநேயப் பொறித்தர உடன்பாட்டின்படி, பட்டியலில் உள்ள விலங்குகளுக்குச் சான்று பெற்ற பொறிகளையே பயன்படுத்த வேண்டும். கொல்லும் பொறி என்றால் சோதனையில் குறைந்தது 12 விலங்குகளில் 80 விழுக்காடு குறித்த நேரத்துக்குள் உணர்விழக்க வேண்டும்: எர்மினுக்கு (மார்ட்டனைவிடச் சிறிய உறவு) 45 வினாடி, மார்ட்டனுக்கு 120, மற்றவற்றுக்கு 300. இவை மேல்வரம்புகள். நல்ல பொறி, சரியான இடத்தில் அடித்தால், இதைவிடச் சீக்கிரம் முடித்துவிடும். ஒரே 220 எண்ணில் சான்று உள்ள மாதிரியும் இல்லாத மாதிரியும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். உங்கள் மாகாணத்தின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிப் பெயரோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த பழைய பொறியும் சான்றின் வேகத்தில் அடிக்காது, ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

கேள்வி: 330 கையில் விழுந்தால் எப்படி விடுபடுவது? தனியாகத்தான் போகிறேன்.

பதில்: தனியாகப் போகிறவர் இதைக் கேட்டது நல்லது. 4 அடி நீள உறுதியான கயிறு ஒன்றின் ஒரு முனையில் கால் நுழையும் சுருக்கு போட்டு எப்போதும் சட்டைப்பையில் வையுங்கள். முதுகுப்பையில் வைத்தால் ஒற்றைக் கையால் எட்டாது.

விழுந்துவிட்டால், சுருக்கில் காலை நுழைத்துத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கயிற்றின் மறுமுனையை ஒரு ஸ்பிரிங்கின் இரு கண்களிலும் நுழைத்து, திரும்பவும் முதல் கண்ணுக்குள் விட்டு இழுங்கள். காலால் மிதித்துக் கையால் மேலே இழுக்க ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கியதும் பாதுகாப்புக் கொக்கியை மாட்டுங்கள். மறு ஸ்பிரிங்குக்கும் அதே. இரண்டும் அமுங்காமல் சட்டம் விரியாது. ஒன்றை அமுக்கிவிட்டுக் கையை உருவப் பார்த்தால் தோல் கிழியும். வீட்டில் ஒரு மரக்கட்டையை மாட்டிவைத்து இடக்கையால் மட்டும், வலக்கையால் மட்டும் என்று பழகிப் பாருங்கள்.

வேட்டைநாய் 220இல் மாட்டினாலும் நாயின் கழுத்துக்கயிற்றைக் கொண்டு இதே முறைதான். ஆனால் நாய்க்குச் சில நிமிடமே இருக்கும். நாய் நடமாடும் நிலத்தில் 220ஐத் தரையில் வைக்காமல், தரையிலிருந்து 5 அடி உயரத்தில் சாய்மரத்தின் மேல் வையுங்கள். அல்லது பொறி உள்ளே தள்ளியிருக்கும் பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: ரக்கூனுக்கு வைத்தால் பக்கத்துப் பண்ணைப் பூனைதான் வருகிறது.

பதில்: மீனை நிறுத்துங்கள். மார்ஷ்மெல்லோ, தேன் தடவிய சோளம் என்று இனிப்புக்கு மாறினால் பூனைக்கு ஆர்வம் போய்விடும். பொறியையும் குழாய் வடிவக் கைபிடிப் பொறியாக மாற்றுங்கள். ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் வாயுள்ள குழாய், அடியில் விசை, கையை உள்ளே விட்டுப் பற்றி இழுக்கிற விலங்கு மட்டுமே அதில் மாட்டும். தள்ளினாலும் இழுத்தாலும் விழுகிற விசையும் கடையில் உண்டு. இழுத்தால் மட்டும் விழுகிற வகையைக் கேட்டு வாங்குங்கள். நாயும் பூனையும் நக்கித் தள்ளும், இழுக்காது.

இரை விசைக்கு மேலே அரை அங்குலம்வரை நிரம்பியிருக்க வேண்டும். குறைவாக வைத்தால் விசையைத் தொடாமலே எடுத்துத் தின்றுவிட்டுப் போகும். மழை பெய்தால் இரை கூழாகி விசையில் இறுகும்; மூடி போட்டு வையுங்கள், ரக்கூனே அதைக் கழற்றிக்கொள்ளும்.

நங்கூரத்தில் சிக்கனம் வேண்டாம். 18 அங்குல முறுக்குக்கம்பி முளை, தளர்ந்த மண் என்றால் 30. சங்கிலி எட்டும் தூரத்தில் வேலிக்கம்பியோ செடியோ இருந்தால் சுற்றிக்கொண்டு கை காயப்படும். இரண்டு இடத்திலாவது சுழல்வளையம் இருக்கட்டும், ஒன்று பொறிக்கு அருகிலேயே.

கூண்டு வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கூண்டின் பின்பாதியைப் பொடிக்கண் வலையால் மூடுங்கள். இல்லையென்றால் ரக்கூன் வெளியே நின்றபடி கம்பிக்குள் கைவிட்டு இரையை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: குளத்தில் மஸ்க்ராட் வீடுகள் தெரிகின்றன. அதன் மேல் வைக்கலாமா?

பதில்: பல மாகாணங்களில் வீட்டைச் சேதப்படுத்துவது குற்றம். அது தேவையும் இல்லை. கரையோரம் முழங்கால் ஆழ நீரில் நின்று பாருங்கள். வளைவாயிலிலிருந்து ஆழத்தை நோக்கி அடிமண்ணில் ஒரு வாய்க்கால் போயிருக்கும். மற்ற இடத்தில் சருகும் பாசியும் கிடக்க, அதில் மட்டும் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். நீர் கலங்கியிருந்தால் சற்றுமுன் ஒன்று போயிருக்கிறது. அந்த வாய்க்காலின் குறுக்கே 110ஐ நிறுத்தி, ஸ்பிரிங் வளையத்தில் குச்சி நுழைத்து ஊன்றுங்கள். பொறி முழுதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். நீர்மட்டம் இரவில் இறங்கினால் பாதி வெளியே தெரியும். மதகு உள்ள இடத்தில் அதை எதிர்பார்த்து ஆழமாகவே வையுங்கள். வாய்க்கால் பொறியைவிட அகலமாக இருந்தால் பக்கத்தில் இரண்டு குச்சி நட்டு ஒடுக்குங்கள்.

கேள்வி: பனி உறைந்த பிறகு பீவருக்கு எங்கே துளையிடுவது?

பதில்: புதுப்பனி கண்ணாடிபோல் இருக்கும் முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். பீவர் நீந்தும்போது உடலிலிருந்து வரும் குமிழிகள் பனிக்கடியில் வெள்ளைக் கோடாக உறைந்திருக்கும். அடர்த்தியான கோடு எதுவோ அது தினமும் போகும் வழி, வீட்டிலிருந்து தீனிக்குவியலுக்கு. குச்சியோ கொடியோ நட்டு வையுங்கள். அடுத்த வாரம் பனிப்பொழிவு மூடிவிடும், உங்களுக்கே இடம் தெரியாது.

ஆனால் அந்தக் கோடும் பீவர் வீட்டைச் சுற்றிய இடமும்தான் குளத்திலேயே பனி மிக மெல்லியதாக இருக்கும் இடங்கள். நடக்கத் தெளிந்த பனி குறைந்தது 10 சென்டிமீட்டர். வெள்ளைப் பனிக்குப் பாதி பலம்தான், அதனால் இரட்டிப்புத் தடிமன் வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். கழுத்தில் இரண்டு பனிக்குத்தூசிகள் தொங்கட்டும், நீரில் விழுந்தால் பனியைக் குத்தி ஏற.

வழி தெரிந்தால் 330ஐ அடித்தரையில் உட்காரும்படி வாய்க்காலில் நிறுத்துங்கள். பக்கங்களைக் காய்ந்த குச்சியால் அடைக்க வேண்டும். பச்சைக் குச்சி வைத்தால் பீவருக்கு விருந்து, தின்றுவிட்டுப் பக்கத்து வழியாகப் போகும். பொறியைத் தாங்கும் கம்பமும் பட்ட மரமாகவே இருக்கட்டும். இரை வைத்துப் பிடிப்பதானால் புதிதாக வெட்டிய பாப்லார் கிளையைக் கம்பத்தோடு கம்பியால் இறுகக் கட்டுங்கள். தளர்வாகக் கட்டினால் உருவிக்கொண்டு போய்விடும். பொறியின் மேல்விளிம்பு, பனி இன்னும் எவ்வளவு தடிக்கப்போகிறதோ அதற்கும் கீழே இருக்க வேண்டும். பனிக்குள் இறுகிய பொறி வெறும் இரும்பு. துளையின் மேல் ஸ்புரூஸ் கிளை போட்டுப் பனித்தூள் மூடினால் மறுநாள் திறக்கச் சுலபம்.

நீர்நாய் பிடிக்க அனுமதி இல்லாத இடமாக இருந்தால் விசைக்கம்பிகளை நடுவிலிருந்து ஓர் ஓரமாகத் தள்ளுங்கள். உடல் அகன்ற பீவர் உரசும், ஒல்லியான நீர்நாய் நழுவிப் போக வழி கிடைக்கும்.

கேள்வி: பகலில் இளகி இரவில் உறைகிறது. மண் பாறையாகிப் பொறி விழமாட்டேன் என்கிறது. உப்பு போடலாமா?

பதில்: உப்பு ஈரத்தை இழுத்துப் பொறியை அரித்துவிடும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதைக் காட்டில் ஊற்றவே கூடாது. காய்ந்த பீட் பாசியோ மெழுகு கலந்த மண்ணோ நல்லது. கோடையிலேயே மணலை உலர்த்திச் சலித்து, கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பின் மேல் பரப்பி, மெழுகுச் சீவலைத் தூவி, வெயிலில் புரட்டிப் புரட்டிக் கலந்து வாளியில் எடுத்து வையுங்கள். இரண்டு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள், உருண்டு ஓட வேண்டும். பொறிக்கு மேலே மட்டும் போட்டுப் பயனில்லை; கீழிருந்து ஏறும் ஈரம் பொறியை உறையவைக்கும். படுக்கையிலும் ஒரு அடுக்கு போடுங்கள்.

கேள்வி: உலர்ந்த தோலில் வயிற்றுப்பக்கம் மயிர் கொத்தாகக் கழன்று வருகிறது. பதனிட்டதில் என்ன பிழை?

பதில்: பதனிடுவதற்கு வெகு முன்பே நடந்த பிழை. இறந்த உடல் சூடாகவே இருந்தால் வயிற்றில் பாக்டீரியா பெருகித் தோல் பச்சை பூக்கும், மயிர்வேர் பிடி விடும். சூடாக இருந்த விலங்கைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டிருப்பீர்கள், அல்லது வண்டியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்திருப்பீர்கள். தனித்தனியே தொங்கவிட்டு ஆறவைத்து, அன்றே உரித்துவிடுங்கள். நேரமில்லாவிட்டால் உரித்த தோலை மயிர் வெளியே இருக்கும்படி சுருட்டிப் பையிலிட்டு உறைபெட்டியில் வைக்கலாம்.

இரண்டாவது சாத்தியம், கொழுப்பு வழிக்கும்போது கத்தி ஆழமாக இறங்கி மயிர்வேரை அறுத்தது. அப்படியானால் தோலின் உட்புறத்தில் புள்ளிப்புள்ளியாகக் கறுப்பு வேர்முனைகள் தெரியும். வயிற்றுத் தோல் மெல்லியது, அங்கே கத்தியின் மொட்டைப் பக்கம் போதும். ரக்கூனின் பிடரியிலோ குருத்தெலும்புபோல் கெட்டியான சதை இருக்கும், அதைக் கூரான பக்கத்தால் தயங்காமல் எடுங்கள். வழிக்கும் மரத்தில் தோலுக்கு அடியில் மயிரில் ஒரு முள்விதை சிக்கியிருந்தாலும் அந்த இடம் மேடாகி ஓட்டை விழும்; உரிக்குமுன் சீப்பால் வாரி மண்ணையும் விதையையும் எடுத்துவிட வேண்டும் என்பது இதற்காக. விழுந்த ஓட்டையைச் சட்டத்தில் ஏற்றுமுன் உட்புறத்திலிருந்து மெல்லிய நூலால் தையுங்கள். ஏற்றிய பிறகு அரை அங்குலக் கிழிசல் ரூபாய் நாணயம்போல வட்டமாக விரிந்து நிற்கும்.

வழிப்பது குறைந்தாலும் கேடுதான். மிஞ்சிய கொழுப்பு உலரும்போது உருகித் தோலுக்குள் ஊறி மஞ்சளாக எரித்துவிடும். மிங்க்குக்கு மட்டும் முதுகில் மெல்லிய செந்தசைப் படலத்தை விட்டுவிடலாம், வாங்குவோர் அதை ஏற்கிறார்கள்.

உப்புத் தடவாதீர்கள். ஏலத்துக்குப் போகும் உரோமத் தோல் காற்றில் உலர்ந்ததாக இருக்க வேண்டும். அடுப்பருகேயும் வைக்காதீர்கள். 10 முதல் 18 பாகை செல்சியஸ், காற்றோட்டம், நேர்வெயில் இல்லாத இடம். சூட்டில் காய்ந்த தோல் அப்பளம். பதனிடும் தொட்டியில் கிழிந்துவிடும்.

கேள்வி: எந்தத் தோலை மயிர் உள்ளே வைத்துக் காயவைப்பது, எதை வெளியே?

பதில்: மஸ்க்ராட், மிங்க், ரக்கூன் தோல்களில் மயிர் உள்ளே, தோல் வெளியே, கடைசிவரை அப்படியே. நரி, கயோட்டி, மார்ட்டன், ஃபிஷர், லிங்க்ஸ் (காட்டுப்பூனை) ஆகியவற்றை முதலில் மயிர் உள்ளே வைத்து ஏற்றி, பாதி காய்ந்ததும் மயிர் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். பீவர் மட்டும் வயிற்றோடு கீறி விரித்து, பலகையில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ சுற்றிலும் ஆணி அடிப்பது. மற்றவை எல்லாம் பின்காலுக்குப் பின்கால் ஒரே கீறல் போட்டு, பனியன் கழற்றுவதுபோல் தலைவழியே உரித்து எடுப்பவை. இவற்றைப் பலகையில் ஏற்றும்போது வயிற்றுப்பக்கம் ஒரு மெல்லிய ஆப்பு சொருகுங்கள். காய்ந்து இறுகிய பிறகு ஆப்பை உருவினால் தோல் வழுக்கி வரும். மறந்தால் தோலைக் கிழிக்காமல் பலகையிலிருந்து எடுக்க முடியாது.

அளவு கூடட்டும் என்று பலம்கொண்டு இழுக்காதீர்கள். நீளம் 2 அங்குலம் கூடும், மயிரின் அடர்த்தி குறையும். ஒன்ராறியோவின் நார்த் பே உரோம ஏலக்கூடத்தில் தரம் பிரிப்பவரின் விரல் அதை உடனே கண்டுபிடிக்கும்.

கேள்வி: தோலின் உட்புறம் நீலமாக இருக்கிறது. நோயா?

பதில்: இல்லை, அவசரம். மயிர் வளர்ந்துகொண்டிருக்கும்போது வேரில் நிறமி தங்கியிருக்கும், அது தோலின் வழியே நீலமாகத் தெரியும். வளர்ந்து முடிந்தால் நிறமி மயிருக்குப் போய்விடும், தோல் பால்வெள்ளையாகும். பருவம் சட்டப்படி திறந்த முதல் நாளே எல்லாம் முதிர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மிங்க்கும் ரக்கூனும் நவம்பர், டிசம்பரில் நன்றாக இருக்கும். மஸ்க்ராட்டும் பீவரும் குளிர்காலப் பிற்பாதியிலிருந்து வசந்தத் தொடக்கம்வரை. நரியும் கயோட்டியும் இணைசேரும் காலம் நெருங்கினால் இடுப்பு மயிர் தேய்ந்துவிடும், ஜனவரி நடுவில் முடித்துக்கொள்வது லாபம்.

கேள்வி: உரிக்கும்போது கையுறை அவசியமா? மூத்தவர்கள் யாரும் போடுவதில்லை.

பதில்: போடுங்கள். மஸ்க்ராட், பீவர் வழியாகத் துலரீமியா காய்ச்சல் தொற்றும். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டால் உரிப்பதை நிறுத்திவிடுங்கள். ரக்கூன் எச்சத்தில் உள்ள உருண்டைப்புழு முட்டை மனிதரின் மூளைவரை போகக்கூடியது. நரி, கயோட்டி எச்சத்தில் நாடாப்புழு முட்டை இருக்கலாம். ரேபிஸ் தனி விஷயம்: ஒன்ராறியோவில் ரக்கூன் வகை ரேபிஸ் 2015 டிசம்பரில் ஹாமில்டனில் கண்டறியப்பட்டது. தொடர்ந்து பிடிக்கிறவர்கள் முன்தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. தள்ளாடும், பகலில் அஞ்சாமல் நெருங்கி வரும் விலங்கைத் தலையில் சுடாதீர்கள். பரிசோதனைக்கு மூளை சிதையாமல் வேண்டும்.

கேள்வி: கயோட்டித் தோலைத் திருப்ப மறந்து இரண்டு நாள் விட்டுவிட்டேன். பலகைபோல் நிற்கிறது. இனி முடியாதா?

பதில்: முடியும். முதலில் மயிர் உள்ளே இருக்கும்படி ஏற்றி, தோல் தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் தெரியும் நேரத்தில், அறையின் ஈரத்தைப் பொறுத்து 8 முதல் 24 மணிக்குள், திருப்பியிருக்க வேண்டும். இப்போது ஈரத்துணியை முகத்திலும் காதடியிலும் முன்கால் துளைகளிலும் சுற்றி ஓர் இரவு குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் திரும்ப மறுப்பது இந்த மூன்று இடங்களே. உடலில் லேசாக நீர் தெளித்தால் போதும். ஊறவைத்தால் மயிர் கழலும். காலையில் உள்ளே கைவிட்டு மூக்கைப் பிடித்து, பின்புறத் திறப்பு வழியே மெதுவாக இழுங்கள். வாலின் அடிப்பக்கம் நுனிவரை கீறியிருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். கீறாத வால் உள்ளேயே அழுகி, நான்கைந்து நாளில் நாற்றம் எடுக்கும்.